கண்ணோட்டம் என்றால் என்ன?

என் அண்ணன் மகள் இடைநிலைப் பள்ளியில் படிவம் நான்கில் படிக்கிறாள். போன மாதம் பள்ளியில் திருக்குறள் பேச்சுப் போட்டி. "அத்தை, நான் பேசிக் காட்டுறேன், நேரம் பாருங்க" என்று கைப்பேசியை என் கையில் கொடுத்துவிட்டு, சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்று பேச ஆரம்பித்தாள். அவளுக்குக் கொடுத்திருந்த அதிகாரம் ‘கண்ணோட்டம்’. ஒரு பிரச்சினையை நாலு கோணத்தில் பார்க்க வேண்டும், கண்ணோட்டம் மாறினால் வாழ்க்கை மாறும், இதைத்தான் வள்ளுவர் பத்துக் குறளில் சொல்கிறார் என்று ஐந்து நிமிடம் தடங்கல் இல்லாமல் பேசினாள். குரல் தெளிவு, உச்சரிப்பு சுத்தம். ஆனால் அவள் சொன்ன பொருள் அந்தப் பத்துக் குறளில் ஒன்றில்கூட இல்லை.

அவளைக் குறை சொல்ல முடியாது. இன்றைக்கு நாம் எல்லோருமே ‘என் கண்ணோட்டத்தில்’ என்றால் ‘என் கருத்துப்படி’ என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். பத்திரிகையிலும் அப்படித்தான், மேடையிலும் அப்படித்தான். பொருள் தெரிந்தவர்களிலும் பாதிப் பேர் அதை ‘இரக்கம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இன்னும் சிலர், வேண்டியவனுக்குச் சலுகை காட்டிவிட்டு அதற்குக் கண்ணோட்டம் என்று பெயர் வைக்கிறார்கள். நானும் ஒரு தடவை அதைச் செய்தவள்தான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மலேசியாவில், பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருஷமாக வேலை செய்கிறேன். இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியவள் இல்லை. ஆனால் மனிதர்களோடு ஒத்துப்போவதைப் பற்றி நான் படித்ததில் இந்த ஒரு சொல் அளவுக்கு உதவியது வேறெதுவும் இல்லை. அதனால் இதை முதல்முறை கேட்பவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன்.

சொல்லைப் பிரித்தால்

கண், ஓட்டம். கண் ஓடுவது. எங்கே ஓடுகிறது? எதிரே நிற்கும் ஆளிடம்.

தெரிந்த ஒருவர் வந்து முன்னால் நிற்கிறார். ஒரு உதவி கேட்கிறார், அல்லது செய்த தப்புக்குத் தயங்கி நிற்கிறார். வாயில் ‘முடியாது’ என்ற சொல் தயாராக இருக்கிறது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அது வெளியே வர மாட்டேன் என்கிறது. ‘மூஞ்சியைப் பார்த்தா சொல்ல மனசு வரல’ என்று நாம் வீட்டில் சொல்கிறோமே, அதுதான் கண்ணோட்டம். குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் இந்த அதிகாரத்தைத் தொடங்கும்போது சொல்வதும் இதையேதான்: தன்னொடு பயின்றாரைக் கண்டால் அவர் கூறியன மறுக்கமாட்டாமை. பயின்றார் என்றால் பழகியவர்.

பேச்சுத் தமிழில் இதற்கு இன்னொரு சொல்லும் உண்டு: தாட்சண்யம். ‘முகதாட்சண்யத்துக்காகப் போனேன்’, ‘தயவு தாட்சண்யம் பார்க்காம பேசிட்டான்’ என்கிறோம். கண்ணோட்டம் என்ற பழைய சொல்லின் இடத்தில் இப்போது உட்கார்ந்திருப்பது இந்தத் தாட்சண்யம்தான். அண்ணன் மகளிடம் இதைச் சொன்னதும், "அட, இதுவா? பாட்டி எப்பவும் சொல்வாங்களே" என்றாள். சொல் மாறிவிட்டது, விஷயம் மாறவில்லை.

கல்லாப்பெட்டியில் பார்த்தது

ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் நான் அடிக்கடி போகும் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடை உண்டு. கல்லாவில் உட்காருவது கடைக்காரம்மாவேதான். ஒரு நாள் எனக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்றிருந்தார். வாடிக்கையாக வருகிறவர், நானே பல தடவை பார்த்திருக்கிறேன். சட்டைப் பையிலிருந்து சில்லறையை எடுத்து மேசைமேல் வைத்து எண்ணுகிறார். ஐம்பது காசு, இருபது காசு, மறுபடி இருபது காசு. விரல் நடுங்குகிறது. இன்னொரு பையைத் தடவுகிறார். பின்னால் வரிசை நீளுகிறது.

கடைக்காரம்மா அவர் கையைப் பார்க்கவில்லை. "வைங்க மாமா, நான் அப்புறம் எண்ணிக்கிறேன்" என்று சொல்லி, மேசையில் இருந்த காசை அப்படியே உள்ளங்கையால் வழித்துப் பெட்டிக்குள் போட்டார். எண்ணவில்லை. அடுத்து என் பில்லைக் கேட்டார். பெரியவர் குடையை எடுத்துக்கொண்டு போனார். அவ்வளவுதான், பத்து விநாடிகூட ஆகியிருக்காது.

இதை இரக்கம் என்று சொன்னால் பாதிதான் சரி. இரக்கம் மட்டும் இருந்திருந்தால், ‘பரவாயில்லை மாமா, காசு வேண்டாம், சும்மா சாப்பிட்டுப் போங்க’ என்று நாலு பேர் காதில் விழச் சொல்லியிருக்கலாம். அதிலும் நல்ல மனசு இருக்கிறது. ஆனால் அந்தப் பெரியவரின் முகம் கீழே போயிருக்கும். கடைக்காரம்மாவின் கண் அவரிடம் ஓடிப் போய், காசு குறைகிறது என்பதைப் பார்த்தது. அது மற்றவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று அவர் தவிப்பதையும் பார்த்தது. பார்த்த பிறகு, அவருக்காகவே கண்ணை வேறு பக்கம் எடுத்துக்கொண்டது.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: குறளில் கண்ணோட்டம் என்பது கருத்தோ கோணமோ இல்லை. பழகியவர் முகத்தைப் பார்த்ததும் நம் கண்ணில் வரும் ஈரம் அது. அந்த ஈரம் நம் பேச்சையும் செயலையும் அந்த இடத்திலேயே மாற்றிவிடும்.

அன்புக்கும் அருளுக்கும் நடுவில்

இந்த மூன்று சொல்லும் கலந்துபோவதால் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அன்பு, நமக்குச் சொந்தம் என்று இருப்பவர்மேல் போவது: பிள்ளை, பெற்றோர், துணை, உற்றார். அருள், எந்தத் தொடர்பும் பார்க்காமல் எல்லா உயிர்மேலும் போவது. முகம் தெரியாத ஊரில் வெள்ளம் வந்தால் மனம் பதைக்கிறதே, அது அருள். கண்ணோட்டத்தின் இடம் இந்த இரண்டுக்கும் நடுவில். சொந்தமும் இல்லை, அந்நியமும் இல்லை, பழக்கம் மட்டும் உள்ள மனிதர்கள்: பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை செய்பவர், கடைக்காரர், பஸ்ஸில் தினமும் எதிரே உட்காருபவர்.

யோசித்தால், நம் நாளில் பெரும்பகுதி போவது இவர்களோடுதான். வீட்டில் அன்பு காரியம் பார்த்துக்கொள்ளும். கூட வேலை செய்பவரை நாம் பிள்ளை மாதிரி நேசிக்கப் போவதில்லை. அங்கே வண்டியை ஓட்டுவது கண்ணோட்டம்தான். ‘கண்ணோட்டத்து உள்ளது உலகியல்’ என்று 572ஆம் குறள் சொல்வதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். உலகியல் என்றால் உலகம் நடக்கிற நடப்பு. அது இந்த ஈரத்தின்மேல்தான் நடக்கிறதாம்.

ஏன் கண்ணைப் பிடித்தார்?

மனசு என்று சொல்லியிருக்கலாம், நெஞ்சு என்று சொல்லியிருக்கலாம். இந்த அதிகாரம் விடாமல் கண்ணையே பிடித்துக்கொண்டிருக்கிறது. பாட்டோடு சேராத பண் எதற்கு, கண்ணோட்டம் இல்லாத கண் எதற்கு என்று கேட்கிறது (573). கண்ணுக்கு நகை கண்ணோட்டம், அது இல்லாவிட்டால் முகத்தில் இருப்பது கண் இல்லை, புண் என்கிறது (575). மண்ணோடு நிற்கும் மரமும், கண் இருந்தும் கண்ணோடாதவரும் ஒன்று என்கிறது (576). இதற்கு முந்தின அதிகாரத்தில் ‘கடுஞ்சொல்லன் கண்ணிலன் ஆயின்’ என்று ஒரு குறள் (566). அங்கே கண்ணிலன் என்றால் பார்வை இல்லாதவன் என்று பொருள் இல்லை, கண்ணோட்டம் இல்லாதவன். வள்ளுவருக்குக் கண்ணும் கண்ணோட்டமும் அவ்வளவு நெருக்கம்.

காரணம், இந்தக் குணம் வேலை செய்யும் விதமே பார்ப்பதில்தான் இருக்கிறது. உட்கார்ந்து யோசித்து வருவதில்லை. முகம் கண்ணில் பட வேண்டும். பட்டதும் உள்ளே ஏதோ இளகுகிறது. கோபத்தோடு கதவைத் தட்டப் போனவர், திறந்தவரின் சோர்ந்த முகத்தைப் பார்த்ததும், "இல்லைங்க, நாளைக்கு வர்றேன்" என்று திரும்பி வருவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். முகம் இல்லாத இடத்தில் என்ன ஆகும்? எங்கள் அடுக்குமாடியில் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. வண்டி நிறுத்தும் இடம், நடைபாதையில் செருப்பு அலமாரி, கட்டாத பராமரிப்புக் கட்டணம் என்று தினமும் ஏதாவது சண்டை. அதில் எழுதுகிற சொல்லை மின்தூக்கிக்குள் நேருக்கு நேர் நின்று ஒருவரும் சொல்வதில்லை. அதே ஆட்கள்தான், மின்தூக்கியில் பார்த்தால் "பசியாறியாச்சா?" என்று கேட்கிறார்கள். குழுவில் கண் ஓடிப் போக ஒரு முகம் இல்லை. அதனால் யாரிடமாவது கடுமையாகச் சொல்ல வேண்டியிருந்தால் நான் எழுதுவதில்லை, படியேறிப் போய்க் கதவைத் தட்டிவிடுகிறேன். போய்ச் சேருவதற்குள் பாதிக் கடுமை குறைந்துவிடும், மீதியை அவர் முகம் குறைத்துவிடும்.

அரசனுக்கு எதற்கு இது?

இங்கேதான் புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுகிறார்கள். கண்ணோட்டம் திருக்குறளின் 58ஆம் அதிகாரம். வீட்டு வாழ்க்கையைப் பேசும் அறத்துப்பாலில் இல்லை, பொருட்பாலில் இருக்கிறது. அதிலும் அரசனுக்குச் சொல்லும் பகுதியில். முன்னால் செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்தசெய்யாமை. அடுத்து வருவது ஒற்றாடல், அதாவது உளவு பார்ப்பது. ஆட்சியும் தண்டனையும் உளவும் பேசுகிற இடத்தின் நடுவில் ‘மறுக்க மனசு வராமை’ எதற்கு வந்தது?

ஏனென்றால் அதிகாரம் கையில் இருப்பவருக்குத்தான் இது உண்மையிலேயே பரீட்சை. என் கையில் ஒன்றும் இல்லை என்றால் நான் கண்ணோடினாலும் ஓடாவிட்டாலும் யாருக்கும் பெரிய லாப நட்டம் இல்லை. கையெழுத்துப் போடுகிறவர், விடுமுறை கொடுக்கிறவர், மதிப்பெண் போடுகிறவர் கண்ணோடினால்தான் ஒருவருக்கு வாழ்வு, அல்லது இன்னொருவருக்கு இழப்பு.

அப்புறம் இன்னொரு சிக்கல். இதே அரசனுக்கு மூன்று அதிகாரம் முன்னால் 541ஆம் குறள் நேர் எதிராக ஒன்று சொல்கிறது:

ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும்
தேர்ந்துசெய் வஃதே முறை.

தீர விசாரித்து, யாராக இருந்தாலும் கண்ணோடாமல், நடுநிலையில் நின்று செய்வதுதான் முறை. கண்ணோடாதே என்று இங்கே, கண்ணோடு என்று அங்கே. எனக்கு இது ரொம்ப நாள் உறுத்தலாகவே இருந்தது. ஒரே ஆளுக்கு இரண்டையும் சொன்னால் அவன் எதைச் செய்வான்?

கருமம் சிதையாமல்

விடை 578ஆம் குறளில் இருக்கிறது: ‘கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு உரிமை உடைத்திவ் வுலகு’. கருமம் என்றால் செய்ய வேண்டிய வேலை, கடமை. அது கெட்டுப்போகாமல் கண்ணோடத் தெரிந்தவர்களுக்கு இந்த உலகம் உரியது. ‘வல்லார்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கண்ணோடுவது மனசுள்ள யாருக்கும் வரும். வேலை கெடாமல் கண்ணோடுவது ஒரு திறமை, பழகித்தான் வரும். 574ஆம் குறளில் ‘அளவினால் கண்ணோட்டம்’ என்று சும்மா சொல்லவில்லை.

இந்தத் திறமை எப்படி இருக்கும் என்பதை என் பாட்டி கதையாகச் சொல்வார். குறள் என்ற பேச்சே அதில் வராது. பாட்டி செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டியவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். விடியும் முன்னால் எல்லோரும் பெரட்டுக் களத்தில், அதாவது பெயர் கூப்பிடும் இடத்தில், வந்து நிற்க வேண்டும். மண்டோர் என்ற மேற்பார்வையாளர் விளக்கு வெளிச்சத்தில் பெயர்ப் புத்தகத்தைப் பிரித்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் கூலி இல்லை. என் அப்பா அப்போது கைக்குழந்தை, அடிக்கடி காய்ச்சல். குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பாட்டி ஓடி வருவதற்குள் சில நாள் பிந்திவிடும்.

அந்த மண்டோர் ஒரு வேலை செய்வாராம். பாட்டியின் பெயர் புத்தகத்தில் நடுவில் இருக்கும். களத்தில் ஆள் தெரியவில்லை என்றால் அந்தப் பெயரைத் தாண்டிப் போய், கடைசியில் வாசிப்பார். யாரிடமும் ஒன்றும் சொல்ல மாட்டார். பாட்டி மூச்சு வாங்க வந்து நிற்கும்போது பெயர் வந்துகொண்டிருக்கும். கடைசிப் பெயருக்கும் ஆள் வரவில்லை என்றால் புத்தகத்தை மூடிவிடுவார். பாட்டிக்கு அப்படி இரண்டு தடவை கூலி போயிருக்கிறது. "அந்த மனுசன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்பார்.

இதில் என்ன கெட்டுப்போனது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றும் இல்லை. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் மரத்தைக் காலைக் குளிர்ச்சியிலேயே வெட்டியாக வேண்டும். பாட்டியின் நிரையில் இருந்த மரங்கள் அந்த நேரத்திலேயே வெட்டப்பட்டன. வேறு யாருடைய கூலியும் குறையவில்லை, யார் வேலையும் கூடவில்லை. மண்டோர் கொடுத்தது ஐந்து நிமிடம், அதுவும் தன் கையிலிருந்த ஐந்து நிமிடம்.

அதே தோட்டத்தில் இன்னொரு மண்டோர் இருந்தாராம். அவரும் இளகின மனசுக்காரர்தான். வேண்டியவர் ஒருவர் வராத நாளிலும் வந்ததாகப் பேர் போட்டுவிட்டு, அந்த ஆளின் மரங்களை மற்றவர்கள் தலையில் பிரித்துக் கட்டுவார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேர் செய்ததும் தாட்சண்யம் மாதிரிதான் தெரியும். ஒருவர் தன்னிடம் இருந்ததைக் கொடுத்தார், மற்றவர் அடுத்தவன் முதுகிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

சுருக்கமாக: கண்ணோடாதே என்பது நீதியும் மற்றவர் பங்கும் நடுவில் இருக்கும் இடத்துக்கு. கண்ணோடு என்பது நம் கையில் உள்ளதைக் கொடுக்கும் இடத்துக்கு. இரண்டு குறளும் மோதிக்கொள்ளவில்லை.

நான் செய்த தப்பு

இவ்வளவு தெரிந்த பாட்டியின் பேத்தி நான். ஆனாலும் தவறினேன்.

சில வருஷத்துக்கு முன்னால், எங்கள் பிரிவில் ஷிப்ட் பட்டியல் போடும் பொறுப்பு எனக்கு வந்தது. தீபாவளிக்கு முந்தின இரவு மெஷின் நிற்காது, அதனால் எங்கள் லைனில் நாலு பேருக்குத்தான் லீவு கொடுக்க முடியும். நாலு பேர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு என் தோழி வந்தாள். பத்து வருஷமாகப் பக்கத்தில் நின்று வேலை செய்தவள், என் பிள்ளைக்கு உடம்பு முடியாதபோது எனக்காக நின்றவள். "அக்கா, இந்த வருஷம் மாமியார் முதல் தடவையா எங்க வீட்டுக்கு வர்றாங்க. எப்படியாவது பாருங்கக்கா" என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. என்னால் மறுக்க முடியவில்லை.

நாலு பேரில் ஒருத்தி புதிது. சேர்ந்து மூன்று மாதம்தான், கெடாவில் பாலிங் என்ற ஊர்ப் பக்கத்துப் பெண், தொழிற்சாலை விடுதியில் தங்கியிருந்தாள். எல்லோருக்கும் முந்தி எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். அவள் பெயரை அடித்துவிட்டுத் தோழி பெயரைப் போட்டேன். அவளிடம், "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்மா" என்றேன். "சரிக்கா" என்றாள். அந்த ஒரு சொல்லோடு போய்விட்டாள். நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போய்ப் பலகாரம் சுட்டேன்.

அவள் பஸ் டிக்கெட் வாங்கி வைத்திருந்தாள் என்பது இரண்டு வாரம் கழித்து வேறு ஆள் சொல்லித்தான் தெரிந்தது. கேண்டீனில் அவளைத் தேடிப் போய் எதிரே உட்கார்ந்தேன். மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் அவள் முகத்தைச் சரியாகப் பார்க்கிறேன். சின்னப் பெண், இருபது வயது இருக்கும். மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைக்கா. தம்பிதான் பஸ் ஸ்டேஷன்ல வந்து நிப்பேன்னு சொல்லிட்டு இருந்தான்" என்றாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

கண்ணோட்டத்துக்குள் இருக்கும் ஆபத்து எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. கண் எப்போதும் எதிரே நிற்கும் முகத்திடம்தான் ஓடும். பழகிய முகம், கேட்கத் தெரிந்த முகம், அழத் தெரிந்த முகம். எதிரே இல்லாதவர், பழக்கமில்லாதவர், ‘சரி’ என்று போய்விடுகிறவர் இவர்களிடம் அது தானாகப் போகாது. பழகியவரிடம் தோன்றுவது என்று உரையாசிரியர் சொன்னதில், பழகாதவரிடம் தோன்றாது என்பதும் சேர்ந்தே இருக்கிறது. வேலையிடங்களில் ‘நம்ம ஆளு’ என்று நடக்கிற அத்தனை அநியாயமும் கெட்ட மனசால் நடப்பதில்லை. பல நேரம் இளகின மனசால்தான் நடக்கிறது. இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை.

நஞ்சைக் குடிக்கச் சொல்கிறாரா?

அதிகாரத்தின் கடைசிக் குறள்தான் பலரை மிரள வைப்பது.

பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர் நயத்தக்க
நாகரிகம் வேண்டு பவர்.

பழகியவர் நஞ்சை ஊற்றுவதைக் கண்ணால் பார்த்தும், அதைக் குடித்துவிட்டு அவரோடு பொருந்தி இருப்பார்கள், நாகரிகம் வேண்டுகிறவர்கள். நாகரிகம் என்ற சொல்லுக்கு இங்கே கண்ணோட்டம் என்றே பொருள். நற்றிணையின் 355ஆம் பாட்டிலும் ‘நஞ்சும் உண்பர் நனிநாகரிகர்’ என்று இதே பேச்சு வருகிறது. ஆக, பழைய தமிழில் நாகரிகமான மனிதர் என்றால் உடுப்பைப் பார்த்துச் சொன்னதில்லை.

இதை வைத்து, ‘யார் என்ன செய்தாலும் பொறுத்துப் போ’ என்று, முக்கியமாகப் பெண்களிடம், உபதேசம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அடிக்கிற கணவனையும் ஏமாற்றுகிற உறவையும் தாங்கிக்கொள்ள இந்தக் குறளைத் துணைக்கு இழுப்பதை நான் காதால் கேட்டிருக்கிறேன். அது சரியில்லை. முதலில், இது அரசனுக்குச் சொன்னது, தண்டிக்கும் பலம் கையில் இருப்பவனுக்கு. பலம் உள்ளவன் பயன்படுத்தாமல் விட்டால்தான் அது கண்ணோட்டம். வேறு வழி இல்லாதவர் தாங்கிக்கொண்டு கிடப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. இரண்டாவது, பரிமேலழகர் இதையும் இதற்கு முந்தின குறளையும் சேர்த்து, ஆள்பவனுக்கே ஒருவர் தீங்கு செய்தால் அவன் பொறுக்கும் இடம் என்று வரம்பு கட்டுகிறார். மற்றவருக்குச் செய்த தீங்கை அவன் மன்னிக்க முடியாது. அது அவன் கோப்பையில் ஊற்றிய நஞ்சு இல்லை.

சாப்பாட்டுக் கடைக்காரம்மா எண்ணாமல் போட்டது தன் பெட்டியில். கல்லாவில் இருந்தது சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பையனாக இருந்து, குறைந்த காசை மாதக் கடைசியில் இன்னொருவர் கையிலிருந்து பிடித்திருந்தால், நான் இந்தக் கதையைச் சொல்லியிருக்க மாட்டேன்.

மறுக்கும்போது

மறுத்தே ஆக வேண்டிய நேரம் வரும், அங்கே கண்ணோட்டத்துக்கு வேலை இல்லையா என்று அண்ணன் மகள் கேட்டாள். நல்ல கேள்வி. ‘கடிதோச்சி மெல்ல எறிக’ என்று 562ஆம் குறள் சொல்கிறது. ஓங்கும்போது வேகமாக ஓங்கு, விழும்போது மெதுவாக விழட்டும். முடிவில் தளர்வு வேண்டாம், அதைச் சொல்லும் விதத்தில் வேண்டும். ஒருவரை உட்கார வைத்துச் சொல்வது, தனியாகச் சொல்வது, காரணத்தை மறைக்காமல் சொல்வது, அடுத்த நாள் பார்க்கும்போது பழையபடி பேசுவது, இதெல்லாம் மறுப்புக்குள்ளேயே இருக்கும் கண்ணோட்டம். கொடுக்க ஒன்றும் இல்லாத நேரத்திலும் இதைக் கொடுக்கலாம்.

பட்டியல் விஷயத்தில் ஒரு பழக்கத்தை மட்டும் அப்போதே மாற்றிக்கொண்டேன். யாராவது வந்து, ‘என் ஷிப்டை மாற்றிக் கொடுங்கக்கா’ என்றால், அதனால் யாருடைய நாள் போகுமோ அவரையும் கூட்டி வரச் சொல்வேன். இரண்டு பேரும் என் மேசைக்கு முன்னால் நிற்க வேண்டும். ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டது.

இந்த வருஷம் பொங்கலுக்கு முந்தின வாரம் அப்படி இரண்டு பேர் வந்தார்கள். கேட்டது, போன வருஷம் சேர்ந்த ஒரு தம்பி. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருக்கிறார்களாம், கூடப் போக வேறு ஆள் இல்லையாம். லீவு வைத்திருந்தது பாலிங் பெண். இப்போது அவளே ஒரு லைனுக்கு லீடர். தம்பி தலையைக் குனிந்துகொண்டு விவரத்தைச் சொன்னான். நான் வாயைத் திறக்கவில்லை, பட்டியலை மேசையில் விரித்துவிட்டுக் காத்திருந்தேன். அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பேனாவை எடுத்துத் தன் பெயரைத் தானே அடித்துவிட்டு, "அம்மாவைப் பார்த்துட்டு வா தம்பி, நான் நின்னுக்கிறேன்" என்றாள்.